தாத்தாவின் ஆடம் ஸ்மித்: அது 1776 முதல் பதிப்பா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பொருளாதாரப் பேராசிரியராக இருந்த உங்கள் தாத்தாவின் பரணிலிருந்து ஆடம் ஸ்மித்தின் 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' இரண்டு தொகுதிகளாகக் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் முன்தாள்களைக் கரையான் தின்றுவிட்டதால் தலைப்புப் பக்கம் இல்லை. முதல் தொகுதியில் மிஞ்சியிருக்கும் முதல் பக்கத்தில் 1776 மார்ச் 9 என்ற தேதி இருக்கிறது. அதைப் பார்த்த ஒருவர், இது முதல் பதிப்பு, வெளிநாட்டில் ஒரு கோடி ரூபாய்க்குப் போகும், சான்றிதழ் எடுக்க 25,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள் என்கிறார். பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாத்தாவின் கையெழுத்து உள்ள புத்தகத்தை விற்பதற்கே மனம் வரவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியையும் கேள்வியின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பணம் கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது முதல் பதிப்பு இல்லை. புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், பதில் உங்கள் தாத்தாவின் பென்சில் கோட்டிலேயே இருக்கிறது. இரண்டாம் தொகுதியில் பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளேயைப் பற்றி வரும் பக்கத்தில் அவர் கோடு போட்டு, ஓரத்தில் 'நம்ம மெட்ராஸ்!' என்று எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 1776இல் வந்த முதல் பதிப்பில் அந்தப் பக்கமே கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பழைய அச்சு நூல்களை அடையாளம் கண்டு பட்டியலிடுவதில் பயிற்சி எடுத்தவன் நான். பிரிட்டனில் ஒரு நூலகத்தில் பதினோரு வருடம் 18ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களோடு வேலை பார்த்துவிட்டு, இப்போது சென்னையில் பழைய புத்தகங்களைச் செப்பனிடுகிறேன். ஸ்மித்தின் முதல் பதிப்பை மூன்று முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அச்சு, தாள், பைண்டிங் பற்றி நான் சொல்வதை நம்பலாம். விலை சொல்வது என் தொழில் இல்லை. அதில் நான் சொல்வது வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது மட்டுமே.

சரி, டூப்ளேவுக்கு வருவோம். ஸ்மித் இந்தப் புத்தகத்தை 1776இல் எழுதி முடித்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அவர் காலத்திலேயே ஐந்து பதிப்புகள் வந்தன: 1776, 1778, 1784, 1786, 1789. அடுத்த வருடம் இறந்துவிட்டார். இவற்றில் பெரிய மாற்றம் நடந்தது 1784இல் வந்த மூன்றாம் பதிப்பில். அப்போது இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனியை என்ன செய்வது என்பதே பாராளுமன்றத்தின் பெரிய தலைவலியாக இருந்தது. பிரதமர் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம் நிறைவேறியதும் அதே 1784இல்தான். ஸ்மித் ஐந்தாம் புத்தகத்தில் (நூலின் ஐந்து பெரும் பகுதிகளையும் அவர் 'புத்தகம்' என்றே அழைக்கிறார்) வணிகக் கம்பெனிகளின் வரலாற்றைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். அதில்தான் டூப்ளேயின் முயற்சிகள் ஆங்கிலக் கம்பெனியைக் கர்நாடகப் போர்களிலும் இந்திய அரசர்களின் அரசியலிலும் இழுத்துவிட்டதையும், கம்பெனி அப்போதைய தன் முக்கியக் குடியேற்றமான மெட்ராஸை இழந்ததையும், பிறகு உடன்படிக்கையால் அது திரும்பக் கிடைத்ததையும் சொல்கிறார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தது, 1748 உடன்படிக்கைப்படி திருப்பித் தந்தது, இதெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் தினப்படி குறிப்பில் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய விஷயங்கள். அவற்றின் சுருக்கம் எடின்பரோவில் உட்கார்ந்திருந்த ஒரு சுங்க அதிகாரியின் புத்தகத்தில் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்து ஏறியிருக்கிறது. 1778 முதல் ஸ்மித் அங்கே சுங்க ஆணையராக இருந்தார். உங்கள் தாத்தா அந்த இடத்தில் ஏன் கோடு போட்டார் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பெனியைப் பற்றிய பேச்சே முதல் பதிப்பில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வங்காளத்தில் அதன் ஆட்சி மக்களை எப்படி நசுக்குகிறது என்பதைக் கூலியைப் பற்றிய அத்தியாயத்திலேயே, 1776லேயே, கடுமையாக எழுதியிருக்கிறார். பின்னால் சேர்ந்தது கம்பெனிகளின் வரலாறு. அதனால் 'கிழக்கிந்தியா' என்ற சொல்லை வைத்துப் பதிப்பைக் கண்டுபிடிக்க முடியாது. டூப்ளேயை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. முதலிரண்டு பதிப்புகளை வாங்கியவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று, 1784இல் சேர்த்தவற்றையும் திருத்தியவற்றையும் தனியாக அச்சிட்டும் வெளியிட்டார்கள். பழைய புத்தகத்தின் அளவிலேயே, குவார்ட்டோ என்ற பெரிய அளவில். சிலர் அதை வாங்கித் தங்கள் 1776 புத்தகத்தின் கடைசியில் சேர்த்துத் தைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பிரதியில் டூப்ளே இருப்பார். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, தனிப் பக்க எண்ணோடு, பின்னிணைப்பு மாதிரி இருப்பார். உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கம் நடுவில், முன்னும் பின்னும் தொடர்ச்சியாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

அப்படியானால் உங்களிடம் இருப்பது என்ன? நீங்கள் கொடுத்த மற்ற விவரங்கள்: பக்க ஓரங்களில் சின்ன எழுத்தில் பத்தியின் சுருக்கம் அச்சாகியிருக்கிறது, கீழே நிறைய அடிக்குறிப்புகள், இரண்டாம் தொகுதியின் முடிவில் பொருளடைவு (இண்டெக்ஸ்), மிஞ்சியிருக்கும் முதல் பக்கத்தின் தொடக்கமே 'முதல் பதிப்பு 1776 மார்ச் 9 அன்று இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது' என்று. இது எட்வின் கேனன் என்ற பொருளாதார அறிஞர் செம்மையாக்கிய பதிப்பு. 1904இல் லண்டனில் மெத்யூன் நிறுவனம் வெளியிட்டது. அந்தத் தேதி வருவது அவருடைய முன்னுரையின் முதல் வாக்கியத்தில். தன்னுடைய முதல் பதிப்பைப் பற்றி இறந்தகாலத்தில் பேசும் புத்தகம் அந்த முதல் பதிப்பாக இருக்க முடியாது அல்லவா? அந்த மனிதர் தேதியை மட்டும் பார்த்துவிட்டு வாக்கியத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறார், அல்லது படித்தும் சொல்லாமல் விட்டிருக்கிறார். இது கேனன் பதிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1904இல் அச்சானதா, பிற்பாடு வந்த மறுஅச்சா என்பதுதான் நிச்சயமில்லை. அது பலமுறை மறுஅச்சு கண்ட பதிப்பு. வருடம் தலைப்புப் பக்கத்தோடு போய்விட்டது. கடைசிப் பக்கத்தின் கீழே அச்சகத்தின் பெயர் இருந்தால் ஏதாவது துப்பு கிடைக்கலாம்.

உண்மையான முதல் பதிப்பு எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி சந்தேகத்தோடு வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். தலைப்புப் பக்கத்தில் வருடம் 1776 என்று எண்ணில் இருக்காது. எம், டி, சி, சி, எல், எக்ஸ், எக்ஸ், வி, ஐ என்று ரோமன் எழுத்துகளில் இருக்கும். ஸ்மித்தின் பெயருக்குக் கீழே, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் அறவியல் பேராசிரியர் என்று போட்டிருக்கும். பதிப்பாளர்கள் லண்டன் ஸ்ட்ராண்டு வீதியைச் சேர்ந்த ஸ்ட்ரஹானும் கேடலும். 'முதல் பதிப்பு' என்ற சொல் எங்கும் இருக்காது. 1778இல் வந்ததில் 'இரண்டாம் பதிப்பு' என்று தெளிவாகவே இருக்கும். இந்த இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பெரிய அளவுப் புத்தகங்கள். தலைப்புப் பக்கம் போய்விட்டால் இரண்டையும் பிரிக்க வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். முதல் தொகுதியில் முதல் மூன்று புத்தகங்கள், 510 பக்கம். இரண்டாம் தொகுதியில் நான்காம், ஐந்தாம் புத்தகங்கள், 587 பக்கம். பொருளடைவு கிடையாது, அதுவும் 1784இல்தான் வந்தது. ஆக உங்கள் பிரதியின் கடைசியில் இருக்கும் பொருளடைவும் டூப்ளேவுக்குத் துணைச் சாட்சி.

தாளைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அது கந்தல் துணியைக் கூழாக்கிக் கையால் எடுத்த தாள். இருநூற்றைம்பது வருடம் ஆனாலும் மடித்தால் ஒடியாது, புரட்டும்போது துணி மாதிரி ஒரு சத்தம் வரும். மரக்கூழ்த் தாள் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அது பழுப்பேறி ஓரம் பொடிப்பொடியாக உதிரும். உங்கள் புத்தகத்தில் ஓரங்கள் உதிர்வதாகச் சொல்கிறீர்கள், அதுவும் பொருந்துகிறது. பழைய தாள் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி ஏறத்தாழ ஒரு அங்குல இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரியும். தாள் எடுத்த சல்லடையின் கம்பித் தடம் அது. முழுத்தாளை இரண்டு முறை மடித்துச் செய்த குவார்ட்டோ புத்தகத்தில் அந்தத் தடித்த கோடுகள் படுக்கையாக ஓடும், நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்த வாட்டர்மார்க்) தையல் போகும் மடிப்பின் நடுவில் விழும். மூன்று முறை மடித்த ஆக்டேவோவில் அதே கோடுகள் செங்குத்தாக நிற்கும், நீர்க்குறி மடிப்பின் மேல்முனைக்குப் போய்விடும். தலைப்புப் பக்கம் பொய் சொல்லலாம், மடிப்பு பொய் சொல்லாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அடிக்கடி சொல்வார். நான் முதல்முறை பார்த்த 1776 பிரதியில், ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக் கோடுகள் படுக்கையாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

எழுத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கில அச்சில், சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து நீளமாக, எஃப் மாதிரியே இருக்கும். குறுக்குக்கோடு மட்டும் முழுதாக இருக்காது. 1800ஐ ஒட்டி இந்த வழக்கம் மறைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலது ஓரத்தில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் தனியாக அச்சாகியிருக்கும். சில பக்கங்களின் அடியில் தனி எழுத்தும் எண்ணும் இருக்கும், பைண்டர் ஃபாரங்களை, அதாவது மடித்த அச்சுத்தாள்களை, வரிசை மாறாமல் அடுக்குவதற்காக. நம்மூர் லெட்டர்பிரஸ்களில் ஃபாரத்துக்கு எண் போடுவார்களே, அதற்கு மூதாதை. தாளின் பின்பக்கம் விரலை ஓட்டினால் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். நகல் எடுத்து ஆஃப்செட்டில் அடித்த பிரதியில் தலைப்புப் பக்கமும் நீள எஸ்ஸும் அப்படியே இருக்கும், ஆனால் இந்த மேடு இருக்காது. 1776 பதிப்பின் உருவநகல் பிரதிகள் பின்னாளில் வந்திருக்கின்றன. நல்ல நோக்கத்தோடு செய்தவைதான், கை மாறும்போது கதை மாறிவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. அச்சாகி முடிந்த பிறகு பிழை கண்டுபிடித்தால், அந்த ஒரு தாளை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுத் திருத்திய தாளை அந்த இடத்தில் ஒட்டுவார்கள். ஸ்மித்தின் முதல் பதிப்பில் இரண்டு தொகுதிகளிலும் அப்படி மாற்றிய தாள்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் மடிப்பின் அருகே வெட்டிய பழைய தாளின் மெல்லிய விளிம்பு எட்டிப் பார்க்கும். தெரியாதவர்கள் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அதேபோல நூலின் பெயரை மட்டும் தாங்கிய முன்தாள் இரண்டாம் தொகுதிக்கு மட்டுமே உண்டு, முதல் தொகுதிக்கு அச்சிடும்போதே கிடையாது. அது இல்லை என்று விலையைக் குறைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், பிரதிகள் குறைவு. எத்தனை அச்சிட்டார்கள் என்பதற்கு உறுதியான கணக்கு இல்லை, 500 முதல் 1000 வரை வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. விலை ஒரு பவுண்டு 16 ஷில்லிங், அதுவும் வெறும் அட்டையோடு. தோல் பைண்டிங் வேண்டுமானால் வாங்கியவர் தனியாகச் செலவழித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் இரண்டு பிரதிகள் வெளியே ஒரே மாதிரி இருப்பதில்லை. இன்று நல்ல நிலையில் உள்ள முழுப் பிரதி ஏலத்தில் பல பத்தாயிரம் பவுண்டிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வரை போகிறது. ஸ்மித்தின் சொந்த நூலகத்தில் இருந்த பிரதி 2018 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9 லட்சம் பவுண்டைத் தாண்டியது. உங்களிடம் சொன்ன ஒரு கோடி என்ற எண் இப்படி எங்கிருந்தோ காதில் விழுந்து வந்ததாக இருக்கும். தலைப்புப் பக்கத்தில் 1776 இருந்தால் மட்டும் அந்த விலை வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே வருடம் டப்ளினில் மூன்று சிறிய தொகுதிகளாக ஒரு பதிப்பு வந்தது. அதுவும் 1776தான், அதுவும் அரிதுதான், ஆனால் லண்டன் முதல் பதிப்பின் இடம் அதற்கு இல்லை.

முன்பணம் கேட்டவரைப் பற்றி. நான் பார்த்த வரையில் பெரிய ஏல நிறுவனங்கள் முதல்கட்டக் கருத்துச் சொல்லக் காசு வாங்குவதில்லை. படம் அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். முதல் பதிப்புக்கு அரசு முத்திரையோடு சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. புத்தகத்தை அவரிடம் கொடுத்தனுப்பவும் வேண்டாம். பொதுவாக இன்னொன்று: நூறு வருடம் கடந்த கலைப்பொருள்களையும் 75 வருடம் கடந்த வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகள், ஆவணங்களையும் 1972ஆம் வருடச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது, அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அச்சுப் புத்தகத்துக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடமோ இந்தியத் தொல்லியல் துறையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி. சட்டம் என் துறை இல்லை.

முன்தாள் இல்லாத கேனன் பதிப்புக்குச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய் கிடைத்தால் அதிகம். ஆனால் படிக்கிறவருக்கு அது சாதாரணப் புத்தகம் இல்லை. கேனன் ஐந்தாம் பதிப்பை மூலமாக வைத்துக்கொண்டு முந்தைய பதிப்புகளோடு ஒப்பிட்டு, முதல் பதிப்பில் இந்தச் சொல் இப்படி இருந்தது, இந்தப் பகுதி பிறகு வந்தது என்று அடிக்குறிப்பில் பொறுமையாகக் குறித்துவைத்தவர். கோடிக்கணக்கில் செலவழிக்காமல் 1776 பதிப்பை வரிக்கு வரி பார்க்க வேண்டுமானால் இதைத்தான் நானும் எடுப்பேன், என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

விற்காமல் வைத்துக்கொள்ள முடிவு செய்தால், கரையான் அரித்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். தெருமுனை பைண்டரிடம் கொடுத்தால் ஓரத்தை நறுக்கிவிடுவார், தாத்தாவின் குறிப்புகள் பாதி போய்விடும். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு தொகுதிகளையும் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் ஒட்டாத அலமாரியில் படுக்கவையுங்கள். பென்சில் எழுத்தை ரப்பரால் துடைக்கவே வேண்டாம். அப்புறம், அந்த டூப்ளே பக்கத்திலிருந்து பகுதியின் முடிவு வரை புரட்டி அடிக்குறிப்பைப் பாருங்கள். இந்தப் பகுதி மூன்றாம் பதிப்பில் முதன்முதலாக வந்தது என்று கேனன் அங்கே குறித்திருப்பார். அந்தப் பக்கத்தையும், தாத்தா 'நம்ம மெட்ராஸ்' என்று எழுதிய ஓரத்தையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.